கோலோரிட்சேக்கு நடந்தே போக வேண்டும்

வியாழன் இரவு, சாந்தா மரியா நவர்ரேசே

இத்தாலியின் சார்டினியாத் தீவில், கிழக்குக் கரையில், ஒரோசேய் வளைகுடாவில், கோலோரிட்சே என்று ஒரு சின்னக் குடா இருக்கிறது. சாலை அங்கே போகாது. மோட்டார் படகையும் கரைக்கு விடமாட்டார்கள். மலை மேலிருந்து நடந்து இறங்க வேண்டும். குளித்துவிட்டு அதே வழியில் ஏறி வர வேண்டும். 2025-ல் உலகின் சிறந்த கடற்கரைகள் பட்டியல் ஒன்றில் முதலிடம் கிடைத்த பிறகு அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் அதிகம். எனக்கு அதற்கு முன்பிருந்தே அதன் மேல் ஒரு கண். மிலானில் படிக்கும் என் தம்பிக்குச் செப்டம்பரில் லீவு கிடைத்ததும், இருவரும் கிளம்பிவிட்டோம்.

காலியரி விமான நிலையத்தில் கார் எடுத்து, வடக்கே இரண்டரை மணி நேரம் ஓட்டினால் நாங்கள் தங்கியிருக்கும் சாந்தா மரியா நவர்ரேசே. எஸ்எஸ்125 என்ற சாலை. புதிதாகப் போட்ட பகுதி முழுக்கச் சுரங்கப் பாதையும் பாலமும்தான். வேகமாக வந்து சேரலாம், ஆனால் வழியில் பார்க்க அதிகம் இல்லை. ஊர் நெருங்கும்போதுதான் வடக்கே மலைத்தொடர் சட்டென்று கடலுக்குள் இறங்குவது தெரிகிறது. சாம்பலும் வெள்ளையுமான சுண்ணாம்புப் பாறை, நேர் செங்குத்து. அங்கிருந்து வடக்கே நாற்பது கிலோமீட்டர் அளவுக்குக் கரையோரமாகச் சாலையே கிடையாது. அந்தச் சுவரின் இடுக்கு ஒன்றில்தான் எங்கள் குடா.

ஊர் சிறியது, சாயங்காலம் நடக்க நன்றாக இருக்கிறது. நடுவில் ஒரு சின்னக் கல் தேவாலயம். நவார்ரா மன்னனின் மகள் கப்பல் உடைந்து இங்கே உயிரோடு கரை சேர்ந்தாள் என்றும், அந்த நன்றிக்காக 1052-ல் இதைக் கட்டினாள் என்றும் ஊர்க்கதை சொல்கிறது. கதை எப்படியோ, பக்கத்தில் நிற்கும் காட்டு ஆலிவ் மரத்துக்கு ஆயிரம் வயதுக்கு மேல் என்று சொல்வதை நான் நம்புகிறேன். அடிமரம் முறுக்கிப் பிழிந்த மாதிரி, உள்ளே பொந்து விழுந்து, ஆனால் மேலே தழைத்துக் கிடக்கிறது. இந்தக் காட்டு ஆலிவ் மரத்தின் பெயரைத்தான் ஓல்யாஸ்த்ரா என்று இந்த வட்டாரத்துக்கே வைத்தார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. மரத்தடி பெஞ்சுகளில் தாத்தாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நூறு வயதைத் தாண்டுகிறவர்கள் நிறைய இருப்பதாக ஆராய்ச்சியாளர்கள் வந்து ஆராய்ந்த பகுதி இது.

சனிக்கிழமை கோலோரிட்சேக்குப் போகச் சீட்டு எடுத்து வைத்திருக்கிறோம். ஒரு நாளைக்கு 250 பேருக்குத்தான் அனுமதி, ஆளுக்கு 7 யூரோ, முன்பே செயலியில் பதிவு செய்ய வேண்டும். நாளை படகில் கரையோரமாக ஒரு சுற்றுப் போய், கடலிலிருந்து முதலில் பார்த்துவிடலாம் என்று திட்டம்.

வெள்ளி இரவு, கோல்கோ போய் வந்து

படகு கிளம்பவில்லை. ராத்திரியே காற்று கிழக்குக்குத் திரும்பியிருக்கிறது. இந்தத் தீவில் எல்லாரும் பயப்படுவது வடமேற்கிலிருந்து வரும் மிஸ்திரால் காற்றுக்கு. ஆனால் இந்தக் கரைக்கு அதனால் கவலை இல்லை, மலை தடுத்துவிடும். கிழக்குக் காற்றுதான் இங்கே எதிரி. அலை நேராகப் பாறையில் வந்து மோதும். துறைமுகத்தில் படகுக்காரர் தம்பியிடம் இத்தாலியனில் விளக்கிவிட்டு, "நாளைக்கு அடங்கிவிடும், நடந்து போகிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது" என்றார்.

சரி, மலை மேலே போகலாம் என்று பவுனெய் ஊருக்குக் கிளம்பினோம். கோலோரிட்சே இந்த ஊராட்சியைச் சேர்ந்தது. ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 480 மீட்டர் உயரத்தில், மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டு நீளமாகக் கிடக்கிறது. நடுவிலிருந்து ஒரு சாலை செங்குத்தாகக் கிளம்பி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, மேலே கோல்கோ சமவெளியில் கொண்டுபோய் விடுகிறது.

கோல்கோவை நான் எதிர்பார்க்கவே இல்லை. குடாவுக்கு நடக்கத் தொடங்கும் இடம் என்று மட்டும்தான் குறித்து வைத்திருந்தேன். வந்து பார்த்தால் தனி உலகம். சுற்றிலும் வெள்ளைச் சுண்ணாம்பு மலை, நடுவில் மட்டும் கருங்கல் மாதிரி எரிமலைப் பாறை. பாறைப் பள்ளங்களில் மழைத்தண்ணீர் தேங்கிய குளங்கள். பன்றிகள், கழுதைகள், ஆடுகள் எல்லாம் கட்டின்றித் திரிகின்றன. ஒரு தாய்ப்பன்றி குட்டிகளோடு எங்கள் காரின் நிழலில் படுத்துவிட்டது. எழுப்ப மனம் வராமல் கொஞ்ச நேரம் காத்திருந்தோம்.

பக்கத்தில் சு ஸ்தெர்ரு என்று ஒரு ஆழ்குழி. நிலம் திடீரென்று வாய் திறந்து கீழே 270 மீட்டர் போகிறது. வேலி போட்டிருக்கிறார்கள். எட்டிப் பார்த்தால் சுவரில் முளைத்த செடிகள் கொஞ்ச தூரம் தெரியும், அப்புறம் கறுப்பு. இந்த மலை முழுக்க இப்படித்தான். சுண்ணாம்புப் பாறையில் பெய்யும் மழை மேலே ஓடையாக ஓடுவதில்லை. வெடிப்பு வழியாக உள்ளே இறங்கி, குகைகளுக்குள் ஓடி, எங்கேயோ வெளிவருகிறது. எங்கே என்று நாளை தெரியும் என்று தம்பி சொன்னான். அவன் நிலவியல் படிக்கிறவன்; இந்தப் பயணத்தில் அவனுக்கு என்னைவிடச் சந்தோஷம் அதிகம்.

சமவெளியின் இன்னொரு மூலையில் சான் பியெத்ரோ தேவாலயம். வெள்ளை அடித்த சிறிய கட்டடம், வெளியே சுற்றுச்சுவர், சுவரை ஒட்டித் திருவிழாவுக்கு வருபவர்கள் தங்கச் சின்னச் சின்ன அறைகள். ஜூன் கடைசியில் புனித பேதுருவின் திருநாளுக்கு ஊரே இங்கே ஏறி வருமாம். எனக்குப் பிடித்தது வாசலுக்கு முன்னால் நிற்கும் ஒரு கல். இடுப்புயரம்கூட இல்லாத நடுகல், அதில் மனித முகம் ஒன்று செதுக்கியிருக்கிறது. கண், மூக்கு, அவ்வளவுதான். தேவாலயம் வருவதற்கு வெகு காலம் முன்பே இங்கே கும்பிட்டவர்கள் வைத்தது. பிறகு வந்த மதம் அதைத் தூக்கி எறியாமல் வாசலிலேயே விட்டு வைத்திருக்கிறது. அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

ராத்திரிச் சாப்பாடு தங்கியிருக்கும் வீட்டிலேயே. வீட்டுக்கார அம்மா குலுர்ஜோனிஸ் செய்தார். மாவை வட்டமாக வெட்டி, மசித்த உருளைக்கிழங்கு, பெக்கோரினோ பாலாடைக்கட்டி, புதினா வைத்து மூட வேண்டும். பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை பிடித்த கை என்பதால் நானும் ஒன்றை வாங்கி மூடிப் பார்த்தேன். அவர் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இந்தப் பக்கம் ஒரு மடிப்பு, அந்தப் பக்கம் ஒரு மடிப்பு என்று கிள்ளிக்கொண்டே போக, மூடின இடத்தில் கோதுமைக் கதிர் ஒன்று விழுந்துவிடுகிறது. கடைசி நுனியை முறுக்கி நிறுத்துவார். ஒன்றுக்குப் பத்து வினாடிகூட ஆகவில்லை. வேகவைத்து, மேலே தக்காளிச் சாறும் இத்தாலியத் துளசியும். சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்த ஊரில் பட்டினி கிடக்க வேண்டாம், இது ஒன்றே போதும்.

சன்னலைத் திறந்து பார்த்தேன், காற்று இறங்கியிருக்கிறது.

சனி இரவு, கோலோரிட்சே

போய் வந்தாயிற்று. கால் வலிக்கிறது, இருந்தாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

காலை ஏழரைக்கெல்லாம் கோல்கோவில் சு போர்தெத்து என்ற இடத்தில் காரை நிறுத்தினோம். ஒரு சிற்றுண்டிக் கடை, சீட்டைச் சரிபார்க்கும் ஆள், அவ்வளவுதான். அவர் எங்கள் காலணியையும் தண்ணீர்ப் பாட்டில்களையும் பார்த்துவிட்டுத்தான் சீட்டையே பார்த்தார். ஷூ போட்டிருந்தோம், ஆளுக்கு இரண்டு லிட்டர் இருந்தது, தலையாட்டினார். வழியில் குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கீழே கடை, கழிப்பறை எதுவும் இல்லை.

பாதை மூன்றரை கிலோமீட்டர் இருக்கும். முதலில் கொஞ்சம் ஏற்றம். மேட்டைத் தாண்டியதும் கடல் வரை ஒரே இறக்கம், நானூற்றுச் சொச்சம் மீட்டர். உருளும் கற்கள், அவசரப்பட்டால் கணுக்கால் போய்விடும். வழியெல்லாம் ஜூனிப்பர் மரங்கள், காற்று எந்தப் பக்கம் தள்ளியதோ அந்தப் பக்கமே சாய்ந்து வளர்ந்தவை. நடுநடுவே பெரிய பெரிய ஓக் மரங்கள், நிழல் என்றால் அதுதான் நிழல். சில மரங்கள் மட்டும்தான் இப்படிப் பெரியவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாலியின் பெருநிலப் பகுதியிலிருந்து, முக்கியமாகத் தஸ்கனியிலிருந்து வந்த கரி சுடுகிறவர்கள் இந்த மலைக் காட்டை வெட்டிக் கரியாக்கி, கோவேறு கழுதைகளில் ஏற்றி, குடாக்களுக்கு இறக்கிக் கப்பலில் அனுப்பினார்கள். இன்று நாம் குளிக்கப் போகும் பல பாதைகள் கரி இறங்கிய பாதைகள். அடுப்புக்குப் போகாமல் தப்பிய மரங்களின் கீழே உட்கார்ந்துதான் நாங்கள் மூச்சு வாங்கினோம்.

பாதி வழியில், பாறை கூரை போல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் கல் அடுக்கி அரைச்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். ஆடு மேய்ப்பவர்கள் ஒதுங்கிய இடம். சுண்ணாம்பு, சிமெண்டு எதுவும் இல்லை, கல்லின் மேல் கல். உள்ளே கூரையில் புகைக்கரி இன்னும் ஒட்டியிருக்கிறது. விரலை வைத்துப் பார்த்தேன், வழவழப்பாக இருந்தது. குளிருக்கு ஆட்டோடு இதற்குள் ராத்திரி தங்கியவர்களுக்குக் கீழே இருந்த கடல் எதற்குப் பயன்பட்டிருக்கும்? இவர்கள் மலைக்காரர்கள். இந்த மலையின் ஒவ்வொரு வழியும், செங்குத்துப் பாறையில் ஜூனிப்பர்க் கட்டைகளைச் சாய்த்து வைத்து ஏறும் படிகளும் ஆட்டின் பின்னால் போய்க் கண்டுபிடித்தவை. இப்போது உலகமெங்கிலுமிருந்து மலையேறுகிறவர்கள் வந்து, இதே கரையோரமாகப் பல நாள் நடக்கும் செல்வாஜ்ஜோ புளு என்ற கடினமான பாதையைத் தேடி நடக்கிறார்கள். 1980-களின் கடைசியில் அதைக் கோத்தெடுத்தவர்கள், மேய்ப்பர்களும் கரிக்காரர்களும் போட்டு வைத்த தடங்களைத்தான் இணைத்தார்கள்.

முதலில் தெரிவது குடா இல்லை, அதன் மேலே கூம்பு போல நிற்கும் பாறை. அகூல்யா என்று பெயர், 143 மீட்டர் உயரம். திருப்பம் ஒன்றில் மரங்களுக்கு மேலாக நுனி தெரிகிறது, இறங்க இறங்க அது வளர்ந்துகொண்டே போகிறது. பக்கத்தில் போனதும் கழுத்தை அண்ணாந்தாலும் பத்தவில்லை. 1981-ல் முதன்முதலில் ஏறினார்களாம். இன்றும் மேலே இரண்டு பேர் இருந்தார்கள், சிவப்புச் சட்டையும் கயிறும் மட்டும் தெரிந்தன.

அப்புறம் கடைசிப் படிகளில் இறங்கி, கரை.

சின்னக் கரைதான். வெள்ளைக் கூழாங்கல், சில இடத்தில் மணல் போலப் பொடி. நூறு பேர் வந்தால் நிறைந்த மாதிரி ஆகிவிடும். நாங்கள் போனபோது பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மலைச்சரிவு ஒன்றில் சரிந்து விழுந்த கல்லும் பாறையும் 1962-ல் உண்டாக்கிய கரை இது. எங்கள் அப்பா பிறந்த பிறகு வந்த கடற்கரை! மலையும் கூம்பும் கோடிக்கணக்கான வருஷத்துப் பழசு, காலடியில் இருக்கும் கரைக்கு வயது அறுபதைத் தாண்டிக் கொஞ்சம்தான்.

தண்ணீரின் நிறத்தை எழுதிப் புரிய வைக்க முடியுமா தெரியவில்லை. கரையோரம் நிறமே இல்லை, கல்லை எண்ணலாம். நாலு அடி தள்ளி வெளிர்ப் பச்சை, அதற்கு அப்பால் நீலம். அடியில் வெள்ளைக் கல். இறங்கும் வெயிலை அப்படியே திருப்பி மேலே அனுப்புகிறது. நேற்று அடித்த காற்றின் மிச்சம் லேசான அலை, அவ்வளவுதான்.

இடுப்பளவில் இறங்கி நீந்தத் தொடங்கினேன். செப்டம்பர்க் கடல் நன்றாக வெதுவெதுப்பாக இருந்தது. திடீரென்று வயிற்றின் குறுக்கே பனிக்கட்டித் தண்ணீர் ஒரு பட்டையாக ஓடியது. கத்திவிட்டேன். தம்பி பாறை ஓரத்திலிருந்து, "அக்கா, இங்க வா, கண்ணாடி போட்டுத் தண்ணிக்குள்ள பாரு" என்று கூப்பிட்டான். முகத்தை அமிழ்த்திப் பார்த்தால், பாறை வெடிப்பு ஒன்றின் முன்னால் மட்டும் தண்ணீர் நெளிகிறது. வெயிலில் காய்ந்த தார்ச்சாலைக்கு மேலே காற்று நெளியுமே, அப்படி. அதற்குப் பின்னால் இருக்கும் கல்லெல்லாம் மங்கலாக, எண்ணெய்க்குள் கிடப்பது போல. கையை நீட்டினேன். விரல்களில் குளிர், முழங்கையில் வெதுவெதுப்பு. மேலே கோல்கோவிலும் அதற்கு அப்பாலும் பெய்த மழை, பாறைக்குள் இறங்கிக் குகைகளில் நடந்து, இங்கே கடலுக்கு அடியில் வெளியே வருகிறது. நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் உடனே கலக்காமல் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டிருக்கும் இடம் அது. நேற்றுச் சொன்னதை இன்று காட்டிவிட்ட பெருமை அவன் முகத்தில். நானும் விடாமல், கை விறைக்கும் வரை அந்த வெடிப்பின் முன்னால் கிடந்தேன்.

குடாவின் வலது பக்கம் பாறை வளைந்து கடலுக்குள் ஒரு வாசல் போல நிற்கிறது. அதற்குள்ளே நீந்திப் போனோம். அடியில் வாலருகே கறுப்புப் புள்ளி வைத்த வெள்ளி மீன்கள் கூட்டமாக நின்றன. நாம் நெருங்கினால் ஓடுவதில்லை, கொஞ்சம் விலகி வழி விடுகின்றன. மோட்டார் படகுகள் மிதவைக் கோட்டுக்கு வெளியே தூரத்திலேயே நின்றுவிடுவதால் நங்கூரம் விழுவதில்லை, டீசல் வாடை இல்லை. காதில் விழுந்ததெல்லாம் கூழாங்கல் உருளும் சத்தமும் மேலே பறவைகளும்தான்.

அந்தப் பறவைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கறுத்த, நீண்ட இறக்கைகள், பாறைச் சுவரை ஒட்டி வேகமாகச் சீறிப் போகும். எலியனோரா வல்லூறு. மற்ற பறவைகள் குஞ்சு பொரித்து முடித்த பிறகு, கோடைக் கடைசியில்தான் இவை குஞ்சு பொரிக்கும். ஆப்பிரிக்காவுக்கு வலசை போகும் சின்னப் பறவைகளைக் கடல் மேலேயே மடக்கிக் குஞ்சுகளுக்கு ஊட்டும். பெயர், பதினான்காம் நூற்றாண்டில் இத்தீவின் அர்போரேயா நாட்டை ஆண்ட எலியனோராவுடையது. அவர் வெளியிட்ட கார்த்தா தே லோகு என்ற சட்டத் தொகுப்பில், கூட்டிலிருந்து வல்லூறுகளை எடுக்கக் கூடாது என்று விதி இருந்தது. அறுநூறு வருஷத்துக்கு முந்தைய விதி!

இப்போதும் விதிகளுக்குக் குறைவில்லை. கல்லோ மணலோ சிப்பியோ எடுத்துப் போகக் கூடாது. 2017-ல் தீவின் சட்டசபை சட்டம் போட்டு, 500 முதல் 3000 யூரோ வரை அபராதம் வைத்திருக்கிறது. விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்க்கிறார்கள், பாட்டிலில் மணலோடு பிடிபடுகிறவர்கள் உண்டு. கரையில் ஓர் அம்மா தன் பிள்ளையின் கையை விரித்து, அதிலிருந்த வெண்கல்லை எடுத்துத் தண்ணீர் ஓரத்தில் வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் வைத்துவிட்டு அதைக் கொஞ்ச நேரம் காவல் காத்தான்.

கொண்டுபோன மொறுமொறு கரசாவ் ரொட்டி, தக்காளி, பாலாடைக்கட்டி சாப்பிட்டோம். பன்னிரண்டு மணிக்கு மேல் கூட்டம் வந்தது, அப்போதும் நெரிசல் இல்லை. கிழக்கு பார்த்த குடா, பின்னால் உயரமான மலை. அதனால் மதியம் சாய்ந்ததும் நிழல் கரையைத் தின்னத் தொடங்கிவிடும். தண்ணீரின் நிறம் வேண்டும் என்கிறவர்கள் காலையிலேயே வந்துவிடுங்கள். நிழல் விழுந்த பிறகு ஏறத் தொடங்கினால் முதுகில் வெயில் இல்லை என்பது அதன் லாபம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஏற்றம் ஒன்றரை மணி நேரம் பிடித்தது. ஓக் மரங்கள் எல்லாவற்றின் கீழும் உட்கார்ந்தோம்.

ஞாயிறு மாலை, மீண்டும் சாந்தா மரியா

கடல் தட்டையாகக் கிடந்தது, இன்று படகு கிளம்பியது. ரப்பர் படகில் பத்துப் பேர். பெத்ரா லோங்கா என்ற 128 மீட்டர் ஊசிப் பாறையைத் தாண்டி வடக்கே போனோம். நேற்று நாங்கள் குளித்த இடத்தை மிதவைக் கோட்டுக்கு வெளியிலிருந்து பார்த்தோம். அழகுதான், ஆனால் ஐந்து நிமிடம் நின்று படம் எடுத்துவிட்டுப் படகு கிளம்பிவிட்டது. பிறகு காலா மரியோலு என்ற இன்னொரு குடாவில் இறக்கிவிட்டார்கள். பொடிப்பொடியான வெள்ளை, இளஞ்சிவப்புக் கூழாங்கல், அதே தெளிந்த நீர், மீன்களும் நிறைய. படகு வரும் கரை என்பதால் பேச்சும் பாட்டுமாகச் சத்தம்.

படகில் ஒருவர், கோலோரிட்சேக்கும் படகு விட்டால் என்ன, நடக்க முடியாதவர்களும் பார்க்கலாமே என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கும் அம்மாவை அங்கே கூட்டிப் போக ஆசைதான், அவருடைய முழங்கால் விடாது. ஆனாலும் நான் தடையின் பக்கம்தான் நிற்பேன். அறுபது வயதுக் கரை அது. மணல் வண்டி வண்டியாக வந்து சேரும் இடம் இல்லை, விழுந்த கல்தான் இருக்கிற கல். தினம் ஆயிரம் பேர் மிதித்து, ஆயிரம் பேர் காலில் ஒட்டிக்கொண்டு போனால் எத்தனை காலம் தாங்கும்? ஆடு மேய்த்து வாழ்ந்த ஒரு சின்ன ஊராட்சி, காசு கொட்டும் வழியைத் தானே குறுக்கிக்கொண்டு, 250 போதும் என்கிறது. அந்த 7 யூரோவைக் கொடுக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

போக நினைக்கிறவர்களுக்கு: ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் நடக்கிறார்கள், நேற்று நிறையப் பேரைப் பார்த்தேன். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் ஏற்றம் கொடுமையாக இருக்கும். மே கடைசி, ஜூன், செப்டம்பர் நல்லது. சீட்டை முன்கூட்டியே எடுங்கள். கிழக்குக் காற்று அடித்தால் தேதியை மாற்ற இடம் வைத்துத் திட்டமிடுங்கள். ஷூ கட்டாயம். அம்மா மாதிரி நடக்க முடியாதவர்களுக்கு மரியோலு இருக்கிறது, படகிலிருந்து பலகை வழியாக இறங்க ஆள் கை கொடுக்கிறார்கள். அடுத்த வருஷம் ஜூனில் அம்மாவை அங்கேதான் கூட்டி வரப் போகிறோம், தம்பி இப்போதே படகுக்காரரிடம் சொல்லி வைத்துவிட்டான்.